மருத்துவப் படிப்பில் மகளிர் முன்னே. பேராசிரியர் இருக்கையில் ஏன் பின்னே?

பெண்கள் கால்பதிக்காத துறையே இன்று இல்லை என்று மேடைதோறும் பேசுகிறோம். நாட்டின் பல்கலைக்கழக வளாகங்களைச் சுற்றிப் பார்க்கும் எவருக்கும் அது மிகையாகத் தோன்றாது. விரிவுரை மண்டபங்களில் மாணவியரே அதிகம். மருத்துவப் புலத்திலும் அப்படித்தான். வெள்ளை அங்கியும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக நடந்து வரும் மாணவியரைக் காணும்போது, சமத்துவம் வந்தேவிட்டது என்று மனம் பூரிக்கிறது.

ஆனால் படிக்கட்டின் கீழ்ப்படியில் எத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. மேல்படியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது வேறு கணக்கு. மருத்துவ மாணவியர் பலர். மருத்துவப் பேராசிரியைகள் சிலர். துறைத்தலைவராகவும் டீனாகவும் அமரும் பெண்கள் அதனினும் சிலர். உலகின் பல நாடுகளில் இதுவே நிலை. ஏன் இப்படி? காலம் போகப் போகத் தானாகச் சரியாகிவிடுமா? கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கெடாவின் முன்னோடிப் பெண்கள்

மலாய்ப் பெண்களில் முதன்முதலாக மருத்துவரானவர் கெடா மண்ணின் மகள். அலோர் ஸ்டாரில் 1918-இல் பிறந்த டாக்டர் சல்மா இஸ்மாயில், சிங்கப்பூரில் இருந்த ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் படித்தார். ஜப்பானியர் ஆட்சியில் படிப்பு தடைப்பட்டது. போர் முடிந்த பின்னர், 1947-இல் பட்டம் பெற்றார். அவருக்குப் பின் 1955-இல் பட்டம் பெற்ற டாக்டர் சித்தி ஹஸ்மா, கெடாவில் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றி, 1974-இல் மாநிலத் தாய்சேய் நல அதிகாரியானார். நாட்டில் அப்பதவியை ஏற்ற முதல் பெண் அவரே.

இவ்விருவரையும் நாம் போற்றுகிறோம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவம் பார்க்கும் பணிக்குப் பெண்கள் 1947-இலேயே வந்துவிட்டார்கள். ஆனால் இந்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பெண் துணைவேந்தர் வர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு மலாயாப் பல்கலைக்கழகத்திற்கு ரஃபியா சலீமும், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திற்கு ஷரிஃபா ஹப்சாவும் நியமனம் பெற்றனர். பின்னவர் மருத்துவக் கல்வித்துறையைச் சேர்ந்தவர். பிறகு 2011-இல் டாக்டர் அடீபா கமாருல்ஸமான் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் டீன் ஆனார். 2016-இல் மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வாளரான அஸ்மா இஸ்மாயில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தரானார். மற்றொரு பக்கம், 2005 முதல் 2023 வரை சுகாதாரத் தலைமை இயக்குநராக அடுத்தடுத்து இருந்த மூவருமே ஆண்கள்.

தோட்டத்து மருத்துவமனையை நினைத்துப் பார்ப்போம்

நம் பாட்டன் பாட்டி காலத்துத் தோட்டத்தில் மருத்துவம் எப்படி இருந்தது? தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் இருப்பார். மருந்து கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் வேலைக்கு விடுப்புச் சீட்டு எழுதுவதும் அவர் கையில். அவர் ஆண். குறிப்பிட்ட நாளில் வந்து பார்த்துச் செல்லும் டாக்டரும் பெரும்பாலும் ஆணே. பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியும், ஆயாக்கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவும் பெண்கள். அதாவது உடலைத் தொட்டுப் பராமரிக்கும் வேலை பெண்களிடமும், முடிவெடுக்கும் வேலை ஆண்களிடமும் இருந்தன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயன் வீடுகள் காலியாயின, மக்கள் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் லூனாஸுக்கும் பாடாங் செராய்க்கும் பெயர்ந்தனர். 2001-இல் நம் சமுதாயத்தின் முயற்சியால் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் கெடாவில் தோன்றியது. பால்மரம் வெட்டிய கைகள் வளர்த்த பிள்ளைகள், பீடோங் அருகே செமிலிங்கில் மருத்துவம் படிக்கிறார்கள். இது சிறிய மாற்றமன்று. எனினும் அந்தப் பழைய வேலைப் பிரிவினை, பெயர் மாறிப் பெரிய மருத்துவமனைகளிலும் புலங்களிலும் தொடர்கிறதா என்று கேட்பது நம் கடமை. 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகச் சுகாதாரப் பணியாளரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பெண்கள். தலைமைப் பொறுப்புகளில் இருப்பவரிலோ பெண்கள் 25 விழுக்காட்டினர்தாம்.

காலம் தானாகச் சரிசெய்யுமா?

“இப்போதுதானே பெண்கள் அதிகமாக வருகிறார்கள்? இருபது ஆண்டு பொறுத்தால் அவர்களே பேராசிரியர் ஆவார்கள்” என்று சிலர் சமாதானம் சொல்வர். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க நெடுங்காலக் கணக்கு வேண்டும். அமெரிக்காவில் அத்தகைய கணக்கு உண்டு.

அங்கே 1980-களின் நடுவிலேயே மருத்துவப் படிப்பில் சேர்ந்தவருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். 2019-இல் மொத்த மருத்துவ மாணவரில் பெண்கள் பாதியைத் தாண்டினர். ஆனால் 2018-ஆம் ஆண்டுக் கணக்கில், முழுநிலைப் பேராசிரியர்களுள் பெண்கள் ஏறத்தாழ 25 விழுக்காடு; துறைத்தலைவர்களுள் 18 விழுக்காடு; டீன்களுள்ளும் 18 விழுக்காடு. 1985-இல் படிப்பில் சேர்ந்த பெண்ணுக்கு 2018-இல் ஐம்பத்தைந்து வயது இருக்கும். டீனாக அமர ஏற்ற வயதுதான். மூன்றில் ஒரு பங்காக நுழைந்தவர்கள் மேலே ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 35 ஆண்டு மாணவர் அணிகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. ஒரே காலத்தில் பட்டம் பெற்ற ஆண்களைவிடப் பெண்கள் இணைப்பேராசிரியராகவும் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் உயரும் வாய்ப்பு குறைவு என்றும், அந்த இடைவெளி ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் அது கண்டது. ஆகவே, காத்திருந்தால் கனியும் என்னும் நம்பிக்கைக்குச் சான்று இல்லை.

எந்தப் படியில் வழுக்குகிறது?

மருத்துவக் கல்வித்துறையில் இருப்பவருக்கு மூன்று வேலை: நோயாளியைப் பார்ப்பது, மாணவருக்குக் கற்பிப்பது, ஆய்வு செய்வது. பதவி உயர்வு பெரும்பாலும் மூன்றாவதைப் பொறுத்தே வருகிறது. எத்தனை ஆய்வுக் கட்டுரை, எவ்வளவு ஆய்வு மானியம், எத்தனை முதுகலை மாணவர் என்பவையே கேட்கப்படும்.

பீடோங் வட்டாரத்துக் குடும்பம் ஒன்றிலிருந்து வரும் ஒரு மாணவியை எடுத்துக்காட்டாக எண்ணிப் பார்ப்போம். பதினேழு வயதில் எஸ்.பி.எம். பிறகு மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம். அடுத்து ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு. இருபத்து நான்கு, இருபத்தைந்தில் பட்டம். அதன்பின் ஈராண்டு ஹவுஸ்மேன் பயிற்சி. (அந்தப் பெயரிலேயே ஓர் ஆண் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்.) பிறகு சில ஆண்டுகள் மருத்துவ அதிகாரி. அதற்குமேல் நான்காண்டு நிபுணத்துவ முதுகலைப் படிப்பு. அது முடியும்போது வயது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. அங்கேதான் விரிவுரையாளர் வாழ்க்கையே தொடங்குகிறது. ஆய்வுக் கட்டுரைகளைக் குவித்து இணைப்பேராசிரியர் நிலையை எட்ட வேண்டிய வயது முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து.

திருமணமும் பிள்ளைப்பேறும் குழந்தை வளர்ப்பும் வரும் வயதும் இதுவே. இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அடிக்கின்றன. ஆணுக்கும் திருமணமாகிறது, பிள்ளை பிறக்கிறது. ஆனால் அவனுடைய ஆய்வுக் கடிகாரம் நிற்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாருக்குத் தொலைபேசி வருகிறது என்பதை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம்.

இன்னும் மூன்று தடைகள் உண்டு. முதலாவது, தொலைவு. நிபுணத்துவப் படிப்புகளை நடத்தும் பழைய மருத்துவப் புலங்கள் கெடாவில் இல்லை. பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம்கூடக் கிளந்தானில், குபாங் கெரியானில் இருக்கிறது. கைக்குழந்தையோடும் சுங்கைப்பட்டாணியில் வேலை பார்க்கும் கணவரோடும் இருக்கும் பெண்ணுக்குக் கோலாலம்பூரோ கிளந்தானோ நான்காண்டு என்பது எளிதன்று. கணவருக்கு அப்படிப்பு கிடைத்தால் மனைவி உடன் போவார். மனைவிக்குக் கிடைத்தால் கணவர் உடன் போவது எத்தனை வீட்டில் நடக்கிறது?

இரண்டாவது, கடன். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் தனியார் கல்லூரிக்கோ வெளிநாட்டுக்கோ போனவர்களின் தோளில் கல்விக்கடன் இருக்கிறது. கடனை அடைக்கவும் தம்பி தங்கையைப் படிக்க வைக்கவும் உடனே சம்பாதிக்க வேண்டும். ஆய்வும் கற்பித்தலும் தனியார் மருத்துவமனை அளவுக்கு ஊதியம் தருவதில்லை. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டது இச்சுமையைக் கூட்டியது. 2021 ஜூலை 26-ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுதும் வெளிநடப்புச் செய்ததன் காரணங்களுள், நிபுணத்துவப் படிப்புக்கான வழி அடைபட்டதும் ஒன்று.

மூன்றாவது, துறைக்குள்ளேயே நடக்கும் ‘வீட்டுவேலை’. தேர்வு அட்டவணை போடுவது, மாணவர் குறை கேட்பது, விழா ஏற்பாடு, கூட்டக் குறிப்பு எழுதுவது போன்றவை யாராவது செய்தே தீர வேண்டிய வேலைகள். அவை பெரும்பாலும் பெண் விரிவுரையாளர்களிடமே வந்து சேர்வதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பதவி உயர்வுப் படிவத்தில் இவற்றுக்கு மதிப்பெண் மிகக் குறைவு.

அளவுகோலே கோணலாக இருந்தால்?

உழைப்பைப் பெருக்கினால் போதாதா என்று கேட்கலாம். 1997-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. சுவீடனின் மருத்துவ ஆய்வு மன்றம் யாருக்கு ஆய்வு நிதி தருகிறது என்பதை வென்னரோஸ், வோல்ட் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். மன்றம் மதிப்பெண் தாள்களைக் காட்ட மறுத்தது. நீதிமன்றம் சென்று பெற்றனர். ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே திறன் மதிப்பெண்ணைப் பெற, ஒரு பெண் ஏறத்தாழ 2.5 மடங்கு அதிக ஆய்வுச் சாதனை காட்ட வேண்டியிருந்தது என்று கணக்கு சொன்னது. ஆண் பெண் சமத்துவத்துக்குப் பேர்போன நாட்டிலேயே இப்படி!

ஜப்பானில் நடந்தது இதைவிட அப்பட்டமானது. தோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம், பெண்கள் அதிகமாகச் சேர்வதைத் தடுக்க நுழைவுத்தேர்வு மதிப்பெண்களைப் பல்லாண்டு திருத்தி வந்தது 2018-இல் அம்பலமானது. பெண்கள் பிள்ளை பெற்றதும் வேலையை விட்டுவிடுவார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒரு பெண் என்ன செய்வாள் என்று முன்கூட்டியே முடிவு கட்டி, அவள் செய்யாததற்குத் தண்டனை தந்தார்கள்.

நாற்காலியில் யார் என்பது ஏன் முக்கியம்?

இது பதவிக்கான சண்டை மட்டுமன்று. எந்த நோயை ஆராய்வது, யாரை ஆய்வில் சேர்ப்பது, மாணவருக்கு எதைக் கற்பிப்பது என்பவற்றை நாற்காலியில் இருப்பவரே முடிவு செய்கிறார்.

1991-இல் இதயநோய் மருத்துவரான பெர்னடின் ஹீலி, அமெரிக்கத் தேசியச் சுகாதார நிலையங்களின் முதல் பெண் இயக்குநரானார். அதுவரை மாரடைப்பு ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்களை வைத்தே நடந்தன. அதே ஆண்டில் அவர் பெண்கள் நல ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடக்கினார். மாதவிடாய் நின்ற 1,60,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தனர். அப்பருவத்தில் பரவலாகத் தரப்பட்ட ஹார்மோன் மருந்துக் கலவை மார்பகப் புற்றுநோய் போன்ற ஆபத்துகளைக் கூட்டுகிறது என்று 2002-இல் தெரியவந்தது. அந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்க, நாற்காலியில் ஒரு பெண் வேண்டியிருந்தது.

நம் தோட்டத்துக்கு வருவோம். செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிப்பு வேலை செய்தவருள் பெரும்பாலோர் பெண்கள். முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து, பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை நாள்தோறும் அடித்தனர். மூக்கில் இரத்தம், நகம் சொத்தையாதல், தோல் எரிச்சல், கண் பாதிப்பு என அவர்கள் பட்ட பாட்டை 2002-இல் தெனாகானித்தா அமைப்பு பங்கேற்ற ஆய்வறிக்கை வெளிக்கொணர்ந்தது. அவ்வமைப்பை நிறுவிய ஐரின் பெர்னாண்டஸ் சுங்கைப்பட்டாணியில் பிறந்தவர். ரப்பர் தோட்டத்துச் சூழலில் வளர்ந்தவர். தோட்டத்துப் பெண்ணின் வலியைத் தெரிந்தவர் கேட்ட கேள்வி அது. பாராகுவாட்டை ஒழிக்க 2002-இல் எடுத்த முடிவு 2006-இல் தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது.

இத்தகைய கேள்விகள் இன்னும் பல இருக்கின்றன. 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டு இந்தியப் பெரியவர்களுள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு; எல்லா இனங்களிலும் நாமே முதலிடம். நம் தாய்மாருக்கு இது எப்படி வருகிறது, கருவுற்ற காலத்தில் என்ன செய்கிறது, வீட்டுச் சமையலோடு எப்படிப் பொருந்துகிறது என்று ஆராய, நம் வீட்டுச் சமையலறையை அறிந்த ஆய்வாளர்கள் வேண்டும். அவர்கள் மருத்துவமனையில் மட்டுமன்றி, ஆய்வு நிதியைப் பங்கிடும் மேசையிலும் இருக்க வேண்டும்.

எங்கே மாற்றம் வந்தது?

வரலாற்றைப் பார்த்தால், யாரோ ஒருவர் நிபந்தனை வைத்த இடத்தில்தான் மாற்றம் வந்திருக்கிறது. 1893-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிக்குப் பணம் போதவில்லை. மேரி காரெட் என்னும் செல்வந்தப் பெண்மணி பெருந்தொகை தந்தார்; பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தந்தார். கதவு திறந்தது.

தமிழகத்தில் வேலூரை எடுத்துக்கொள்வோம். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையில், 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி அமைத்தார். அங்கே கற்பவரும் பெண், கற்பிப்பவரும் பெண், நடத்துபவரும் பெண். ஆண்களுக்கு இடம் கிடைத்ததே 1947-இல்தான். 1940-களின் இறுதியில் அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் ஒரு பெண்ணே. அவர் டாக்டர் ஹில்டா லாசரஸ். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்த அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தை, 1980 முதல் 1997 வரை இயக்குநராக இருந்து வளர்த்தவர் டாக்டர் வி. சாந்தா. பெண்கள் நிறுவிய இடத்தில் பெண்கள் தலைமை ஏற்பது யாருக்கும் வியப்பாக இல்லை.

அண்மைக்காலச் சான்றும் உண்டு. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரியான முதல் பெண் சாலி டேவிஸ், பாலினச் சமத்துவத்துக்கான வெள்ளித் தரச் சான்றிதழ் பெறாத மருத்துவப் புலங்கள் அரசின் குறிப்பிட்ட பெரிய ஆய்வு நிதிக்குத் தேர்வாகா என்று 2011-இல் அறிவித்தார். அதுவரை அசையாதிருந்த புலங்கள் உடனே கணக்கெடுக்கவும் குழு அமைக்கவும் தொடங்கின. 2020-இல் அந்நிபந்தனை விலக்கப்பட்டாலும், பணத்தோடு கேள்வியும் சேர்ந்து வந்தால் நிறுவனம் பதில் சொல்லும் என்பதை அது காட்டிவிட்டது.

நம் நாட்டிலும் விதிகள் உண்டு. அரசாங்கத் துறையில் முடிவெடுக்கும் பதவிகளில் குறைந்தது 30 விழுக்காடு பெண்கள் என்னும் கொள்கை 2004-இல் வந்தது. 2023 ஜனவரி 1 முதல், திருத்தப்பட்ட வேலைச் சட்டம் மகப்பேறு விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக்கி, தந்தையருக்கும் 7 நாள் தந்தது. 98-க்கும் 7-க்கும் உள்ள இடைவெளியே, குழந்தை யாருடைய பொறுப்பு என்று சட்டம் நினைக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலில், கேள்வி கேட்போம். ஏய்ம்ஸ்ட் நம் சமுதாயத்தின் முயற்சியில் எழுந்த கல்விக்கூடம். எத்தனை மாணவியர் பட்டம் பெற்றனர் என்பதோடு, எத்தனை பெண்கள் பேராசிரியர், துறைத்தலைவர், டீன் பொறுப்புகளில் இருக்கின்றனர் என்பதையும் ஆண்டுதோறும் வெளியிடுமாறு அதனையும் நாட்டின் ஏனைய மருத்துவப் புலங்களையும் நாம் கேட்கலாம். எண்ணப்படாதது திருத்தப்படுவதில்லை.

இரண்டாவதாக, புலங்கள் பதவி உயர்வுக் கணக்கில் மகப்பேற்றுக் காலத்தைக் கழித்துவிட வேண்டும். ஐந்தாண்டில் இத்தனை கட்டுரை என்றால், விடுப்பில் போன மாதங்கள் அந்த ஐந்தாண்டில் சேரக்கூடாது. மருத்துவமனை வளாகத்திலேயே குழந்தைக் காப்பகம் வேண்டும். அன்று தோட்டத்துக்கே ஓர் ஆயாக்கொட்டகை இருந்தது. இன்று இரவுப்பணி பார்க்கும் பெண் மருத்துவருக்கு அது இல்லையென்றால் நாம் முன்னேறியிருக்கிறோமா?

மூன்றாவது, நம் வீடு. மகள் டாக்டரானால் ஊரையே கூட்டி விருந்து வைக்கிறோம். அவளே மேற்கொண்டு நிபுணத்துவம், ஆய்வு, முனைவர் பட்டம் என்றால், “டாக்டர் ஆயிட்டியேம்மா, இன்னும் என்ன படிப்பு? வயசு ஏறுதே!” என்கிறோம். மகன் அதையே சொன்னால் தடுப்பதில்லை. தோட்டத்தில் விடியலுக்கு முன் எழுந்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, ஆணுக்கு நிகராகப் பால்மரம் வெட்டிய பெண்களின் பேத்திகள் இவர்கள். உழைக்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஏறும் வழியில் நாம் குறுக்கே நிற்காதிருந்தால் போதும்.

மருத்துவம் பயிலும் தங்கையரே, பட்டம் உங்கள் பயணத்தின் பாதி வழிதான். மீதி வழியையும் இப்போதே கேட்டறிந்து திட்டமிடுங்கள்; ஆய்வு செய்யும் விரிவுரையாளர் ஒருவரை இன்றே நாடிச் செல்லுங்கள். உடன் பயிலும் தம்பியரே, நாளை உங்கள் மனைவிக்குக் குபாங் கெரியானில் இடம் கிடைக்கும்போது, பெட்டியைக் கட்டிக்கொண்டு உடன் புறப்படும் துணிவை வளர்த்துக்கொள்ளுங்கள். அத்தகைய வீடுகள் பெருகும்போதுதான் தோட்டத்துப் பெண்ணின் நோயை அறிந்த ஒருத்தி, அந்நோய்க்கான ஆய்வை நடத்தும் இருக்கையிலும் அமர்வாள்.